பைலா தாளமும் கிரிட் கோடும்: ஒரு ட்ரம்ஸ் பதிவைக் குவான்டைஸ் செய்த விதம்

கையில் வந்த வேலை இதுதான். கோண்டாவிலில் ஒரு ஓட்டு வீட்டின் முன் ஹோலில் எட்டு மைக் வைத்துப் பதிவு செய்த ட்ரம்ஸ், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பாடல், தாளம் பைலா. வாசித்த தம்பி கலியாண வீடு, பாடசாலை விழா, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க மேடையில் வாசிக்கிறவர், திறமான கை. ஆனால் காதில் கிளிக் (தாளம் எண்ணும் டிக் டிக் சத்தம்) அடித்துக்கொண்டிருக்க வாசிப்பது அவருக்குப் பழக்கமில்லை. சரணங்களில் கொஞ்சம் முன்னுக்கு ஓடுகிறார், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் சற்றுப் பின்னுக்கு நிற்கிறார். தனியாகக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இதற்கு மேலே புரோகிராம் செய்த பேஸும் கீபோர்ட் சீக்குவென்ஸும் வரவேண்டும், அவை மென்பொருள் திரையில் தாள நேரத்தைக் காட்டும் கோடுகளை, அதாவது கிரிட்டை, விட்டு அசையாது, ஆகவே ட்ரம்ஸை ஓரளவுக்காவது நிமிர்த்தாமல் பாடல் ஒட்டாது. நிமிர்த்தவும் வேண்டும், ஆடவைக்கிற அந்தச் சரிவு போகவும் கூடாது. நான் பட்ட பாடு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் பாவித்த மென்பொருள் ரீப்பர். தனிநபர் உரிமம் 60 டொலர், பழைய லப்டொப்பிலும் ஓடும், எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களுக்கு அது பெரிய விஷயம். புரோ டூல்ஸ் வைத்திருப்பவர்கள் இதே வேலையை பீட் டிடெக்டிவில் செய்வார்கள், லொஜிக்கில் ஃப்ளெக்ஸ் டைம், கியூபேஸில் ஓடியோ வார்ப். பட்டன்கள் மாறும், யோசனை ஒன்றுதான்.

குவான்டைஸ், அதாவது அடிகளைக் கிரிட் கோட்டுக்கு இழுத்து நிறுத்துவது, என்றதும் எல்லோரும் நேரே வெட்டத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது: பதிவு முழுவதுமே ஒரே அளவு தள்ளி விழுந்திருக்கிறதா என்பது. ட்ரம்ஸ் ட்ராக்குகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முன்னுக்கு ஓடிய இடங்களை விட்டால் மற்ற எல்லா இடத்திலும் அடிகள் கோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் விழுந்திருந்தன. இது தம்பியின் கையா, கருவியின் தாமதமா? இதைக் காதால் முடிவெடுக்க ஏலாது. ஓடியோ இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியின், அவுட்டிலிருந்து ஒரு கேபிளை அதே இன்டர்ஃபேஸின் இன்புட்டுக்குச் செருகி, கிளிக் சத்தத்தை வேறொரு ட்ராக்கில் பதிவு செய்தேன். எல்லாம் சரியென்றால் பதிவான கிளிக் கோட்டின் மேலேயே விழவேண்டும். இங்கே 4 மில்லிசெக்கன் பிந்தி விழுந்தது. 48 கிலோஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் பதிவில், அது 192 சாம்பிள். கருவி தன் தாமதத்தை மென்பொருளுக்குச் சொல்லும்போது அந்தளவைக் குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். எட்டு ட்ராக்கையும் ஒன்றாகப் பிடித்து 192 சாம்பிள் முன்னுக்கு நகர்த்தினேன், இனி வரும் பதிவுகளுக்காக ரீப்பரின் ரெக்கோர்டிங் அமைப்பில் அந்த எண்ணை நிரந்தரமாகவும் போட்டுவிட்டேன். 4 மில்லிசெக்கன் சின்னதுதான், ஆனால் இதைச் செய்யாமல் குவான்டைஸுக்குப் போனால் வாசித்தவரின் பிழை இல்லாத ஒன்றை அவர் பிழையென்று திருத்திக்கொண்டிருப்போம்.

அடுத்தது எட்டு மைக் என்பதன் பொருள். காலால் அடிக்கும் கிக் ட்ரம், ஸ்னேர் ட்ரம்முக்கு மேல் ஒன்று கீழ் ஒன்று, இரண்டு டொம், ஹைஹெட் என்ற சோடித் தட்டு, தலைக்கு மேலே இரண்டு ஓவர்ஹெட் மைக். ஸ்னேரில் விழும் ஒரே அடி இந்த எட்டு மைக்கிலும் விழுகிறது, ஆனால் ஒரே நேரத்தில் விழுவதில்லை. எங்கள் வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி ஒரு செக்கனுக்கு 349 மீற்றர் போகும். ஓவர்ஹெட் ஸ்னேரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளியிருந்தால் சத்தம் அங்கே போய்ச்சேர ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன் எடுக்கும். இந்தச் சின்ன இடைவெளிகள்தான் அந்த ஹோலின் அமைப்பையே காதுக்குச் சொல்கின்றன. ஸ்னேர் ட்ராக்கை மட்டும் வெட்டி 20 மில்லிசெக்கன் நகர்த்தினால் ஓவர்ஹெட்டில் பழைய அடி அப்படியே நிற்கும், இரண்டு கை மாறி மாறி அடித்ததுபோல் கேட்கும். ஒரு மில்லிசெக்கன்தான் நகர்த்தினேன் என்றாலும் தப்ப முடியாது: அந்த ஒரு மில்லிசெக்கன் வித்தியாசம் 500 ஹேர்ட்ஸில் இரண்டு மைக்கையும் ஒன்றையொன்று அழிக்க வைக்கும், ஸ்னேரின் உடம்பு காணாமல் போய்விடும். ஆகவே வெட்டினால் எட்டும் ஒரே இடத்தில் வெட்டப்படவேண்டும், நகர்ந்தால் எட்டும் ஒரே அளவு நகரவேண்டும். ரீப்பரில் எட்டு ஐட்டத்தையும் (ட்ராக்கில் கிடக்கும் பதிவுத் துண்டுகள்) தெரிவு செய்து ஜி விசையை அழுத்தினால் குழுவாகிவிடும். பிறகு ஒன்றைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து வரும். வேலை முடியும்வரை அந்தக் குழுவைப் பிரிக்கவே கூடாது.

சரி, இனி தாளம். பைலா இலங்கைக்குப் போர்த்துக்கேயர் வழியாக வந்து, பறங்கியர், காப்பிரி மக்களின் பாட்டிலும் ஆட்டத்திலும் ஊறி, 70களில் தமிழ்ப் பொப் பாட்டுக்குள்ளும் நுழைந்த நடை. எழுதும்போது 6/8 என்று எழுதுவார்கள். பல மென்பொருள்கள் வேகத்தைக் குவார்ட்டர் நோட்டைக் கொண்டே எண்ணும் என்பதால் 6/8இல் கால் தட்டும் அடி நிமிடத்துக்கு 120 வேண்டுமென்றால் 180 என்று போடவேண்டி வரும். குழப்பம் வேண்டாமென்று நான் 4/4, 120 என்றே வைத்து, கிரிட்டை மூன்றாகப் பிரித்தேன். ஒரு அடிக்கு 500 மில்லிசெக்கன், அதற்குள் தகிட: முதல் அடி 0, இரண்டாவது 167, மூன்றாவது 333. கோடுகள் இந்த இடங்களில் நிற்கின்றன.

வெட்டும் இடங்களைக் கண்டுபிடிக்க எட்டு ட்ராக்கையும் கொடுத்தால் மென்பொருள் திணறிப்போகும். ஓவர்ஹெட்டில் கிராஷ் தட்டின் நடுக்கத்தையும் ஒரு அடியாக எண்ணும், டொம் தானாக அதிர்வதையும் எண்ணும். அதற்கு வழிகாட்டி ட்ராக் ஒன்று தனியாகத் தயாரிக்கவேண்டும். கிக் ட்ராக்கின் நகல் ஒன்றை எடுத்து 100 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிட்டு, கேட் (மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் கருவி) போட்டு, மற்றச் சத்தங்களைச் சாகடித்தேன். ஸ்னேர் நகலிலும் அதே மாதிரி, ஆனால் இங்கே அடிப்பாகத்தை வெட்டி மேல்பாகத்தை வைத்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக ரெண்டர் செய்து குழுவுக்குள் போட்டேன். அது ஒருபோதும் பாட்டில் கேட்காது, எங்கே வெட்டவேண்டும் என்று காட்ட மட்டும்தான். கேட் அடியின் முதல் நுனியைத் தின்றுவிடாமல் இருக்க முன்கூட்டிப் பார்க்கும் நேரத்தை 2 மில்லிசெக்கனாக வைத்தேன். நுனி தேய்ந்தால் வெட்டு பிந்தி விழும், பிந்தி விழுந்த வெட்டு அடியின் தலையிலேயே விழும்.

ரீப்பரில் தானாக வெட்டும் கருவியான டைனமிக் ஸ்பிளிட்டைத் திறந்து, வழிகாட்டி ட்ராக்கை மட்டும் தெரிவு செய்து, குழுவிலுள்ள மற்ற ஐட்டங்களையும் அதே இடத்தில் வெட்டும்படி சொல்லி, ஒவ்வொரு வெட்டும் அடிக்கு 5 மில்லிசெக்கன் முன்னால் விழும்படி வைத்தேன். அந்த 5 மில்லிசெக்கன் முக்கியம். கிக் மைக்கில் அடி விழுந்த பிறகுதான் ஓவர்ஹெட்டில் விழும், ஆனால் ஹைஹெட் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டு சிலவேளை கிக்குக்கு ஒரு மயிரிழை முன்னாலும் அடிபட்டிருக்கும். அடியில் ஒட்டி வெட்டினால் அந்தத் தட்டின் நுனி முந்திய துண்டோடு போய்விடும். வெட்டு 5 மில்லிசெக்கன் முன்னால் இருந்தாலும் கிரிட்டுக்கு இழுபடும் புள்ளி உண்மையான அடியில்தான் இருக்கவேண்டும், ரீப்பரில் அதற்கு ஸ்னாப் ஓஃப்செட். இதைத் தனியாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழுப் பாடலும் 5 மில்லிசெக்கன் பிந்தி உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மேல் எப்படி இழுப்பது என்பதில்தான் பாடலின் தலைவிதி இருக்கிறது. முதலில், வித்தியாசத்தைக் காதால் கேட்கவேண்டும் என்பதற்காக, ஹைஹெட்டையும் வழிகாட்டியில் சேர்த்து எல்லா அடியையும் தகிடக் கோட்டுக்கு 100 வீதம் இழுத்து ஒரு பிரதி எடுத்தேன். அலைவடிவத்தைப் பார்க்க அவ்வளவு வடிவு, கோட்டுக்குக் கோடு ஒட்டி நிற்கிறது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரைப் பல்லவி போகும்வரை பேசாமல் கேட்டார், பிறகு, "அண்ணை, இது நான் அடிச்சதே?" என்றார். "வடிவாத்தான் இருக்கு, ஆனா ஆட வருதில்லையே." அவர் சொன்னது முழுக்கச் சரி. பைலா அங்கே இல்லை. பள்ளிக்கூட பாண்ட் நடைபோடுவதுதான் கேட்டது.

ஏன் என்று அளந்து பார்த்தேன், இந்தப் பதிவில் நான் மிகவும் இரசித்துச் செய்த வேலை அதுதான். பதிவின் மூலப் பிரதியை எடுத்து, நன்றாக ஓடுகிற ஒரு பல்லவியில், டாப் விசையால் அடிக்கு அடி தாவித் தாவி, ஒவ்வொரு முதல் அடியிலிருந்தும் மூன்றாவது ஹைஹெட் எவ்வளவு தள்ளி விழுகிறது என்று குறித்தேன். தகிடக் கணக்குப்படி 333இல் விழவேண்டும். விழுவது 352ஐச் சுற்றி. 348, 355, 351, 353 என்று வருகிறது, ஆனால் 333க்குக் கிட்டவும் போவதில்லை. அப்படியென்றால் நாலாகப் பிரிக்கிற தகதிமியா? தகதிமியில் கடைசி 'மி' 375இல் விழும். அதுவும் இல்லை. இரண்டுக்கும் நட்டநடுவில், எந்தக் கோட்டிலும் படாத ஓரிடத்தில் தம்பியின் கை ஒவ்வொரு முறையும் தவறாமல் போய் விழுகிறது. இது பிசகு அல்ல. பிசகென்றால் ஒருமுறை 330, ஒருமுறை 370 என்று சிதறும். சிதறாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவது பயிற்சியில் வந்த கை. மேடையில் ஆயிரம் பேரை ஆட வைத்து வைத்துப் படிந்த இடம் அது. 100 வீதக் குவான்டைஸ் அந்த 19 மில்லிசெக்கனைத்தான் வழித்தெடுத்துவிட்டது.

அந்தக் கையையே கிரிட்டாக எடுக்கலாமே என்று ஒரு யோசனை வரும். நல்ல எட்டு பாரை எடுத்து அதன் இடைவெளிகளை அச்சாக்கி முழுப் பாட்டுக்கும் போடுவது, குரூவ் டெம்ப்ளேட் என்பார்கள். செய்யலாம், ஆனால் இந்தப் பாட்டில் சரணத்தையும் அளந்தபோது அங்கே மூன்றாவது அடி 345க்குக் கிட்ட நிற்கிறது. பாடகர் மெதுவாகக் கதை சொல்லும் இடத்தில் தம்பி சரிவைக் குறைத்து, பல்லவி வந்ததும் கூட்டுகிறார். ஒரே அச்சை எல்லா இடத்துக்கும் போட்டால் இந்த மாற்றமும் போய்விடும்.

அதனால் நான் பிடித்த வழி: தாங்குகிற அடியை மட்டும் நகர்த்துவது, இடையில் உள்ளதைத் தொடாமல் விடுவது. ஹைஹெட்டை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டு, கால் தட்டும் அந்த 500 மில்லிசெக்கன் அடியில் விழும் கிக்கிலும் ஸ்னேரிலும் மட்டும் வெட்டினேன், இடையில் விழும் கிக்குகளில் வந்த வெட்டுகளைக் கையால் அழித்தேன். ஒரு துண்டு ஒரு முழு அடி நீளம். அந்தத் துண்டுக்குள் இருக்கிற இரண்டாவது, மூன்றாவது ஹைஹெட்டெல்லாம் தங்கள் முதல் அடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகரும். உள் இடைவெளி 352 என்றால் நகர்ந்த பிறகும் 352. இழுக்கும் அளவு 80 வீதம். 20 மில்லிசெக்கன் விலகிய அடி 4 மில்லிசெக்கனுக்கு வரும், 5 விலகியது 1க்கு வரும். விலகல் அடியோடு போய்விடாமல் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவது காதுக்கு இயல்பாக இருக்கிறது.

ஒரு சிக்கல் இதிலும் உண்டு. பக்கத்துப் பக்கத்து அடிகள் எதிரெதிராக விலகியிருந்தால் நடுவிலிருக்கும் துண்டு நெருக்குப்படும். பாட்டிலிருந்தே ஒரு உதாரணம், கணக்குக்காக 100 வீதம் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சரணத்தில் ஒரு அடி 12 மில்லிசெக்கன் முந்தி விழுகிறது, அடுத்தது 8 பிந்தி விழுகிறது. ஆக அந்த ஓர் அடி 520 மில்லிசெக்கன் நீளம். தம்பி அந்த நீண்ட அடிக்குள் தன் மூன்றாவது ஹைஹெட்டையும் அதே விகிதத்தில் தள்ளி 366இல் அடித்திருக்கிறார். இரண்டு முனையையும் கோட்டுக்கு இழுத்தால் நீளம் 500 ஆகும், ஆனால் ஹைஹெட் 366இலேயே நிற்கும், அடுத்த அடிக்கு முட்டுகிற மாதிரி அவசரமாகக் கேட்கும். இப்படியான இடங்களில் மட்டும் அந்த ஹைஹெட்டிலும் ஒரு வெட்டுப்போட்டு விகிதத்துக்குத் திருப்பி வைத்தேன். 366ஐ 500ஆல் பெருக்கி 520ஆல் பிரித்தால் 352. அதே எண். இதைக் கணக்குப் பார்த்து முடித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, அடி நீண்டாலும் குறுகினாலும் அந்தக் கை தன் விகிதத்தை விடவில்லை.

இனி இடைவெளி நிரப்புவது. துண்டு முன்னுக்கு நகர்ந்தால் முந்திய துண்டின் வாலை மூடிக்கொள்ளும், அந்த வாலை வெட்டி 5 மில்லிசெக்கன் க்ரொஸ்ஃபேட் (ஒரு துண்டு தணிய மற்றது எழும் இணைப்பு) போட்டால் முடிந்தது. துண்டு பின்னுக்கு நகர்ந்தால் அதற்கு முன்னால் வெற்றிடம் வரும், அங்கே கவனம். முந்திய துண்டின் வாலை வலப்பக்கம் இழுத்து நிரப்பப் போனால், அந்த வாலுக்கு அடுத்ததாக மறைந்திருப்பது அதே அடியின் பழைய தலை. அடி இரண்டுமுறை கேட்கும். நிரப்பவேண்டியது மறுபக்கத்திலிருந்து: நகர்ந்த துண்டின் இடது ஓரத்தை இடப்பக்கம் இழுத்தால் அடிக்கு முந்திய தணிவு வெளியே வரும், அதில் அடியே இருக்காது. தணிவின் ஒரு சின்னப் பகுதி இரண்டுமுறை கேட்கிறது, ட்ரம்ஸில் அது காதுக்குப் பிடிபடாது. எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச நீட்சியில் இடைவெளிகளைத் தானாக நிரப்பும் கட்டளை இருக்கிறது, முழுப் பாட்டுக்கும் ஒரே தடவையில் ஓடும். ஓடிய பிறகும் ஓவர்ஹெட்டை மட்டும் தனியாகப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும். கிராஷ் நீளமாகக் கரையும் இடங்களில் ஒரு சின்ன விக்கல் வந்தால் க்ரொஸ்ஃபேட்டை 20 மில்லிசெக்கன் வரை நீட்டுங்கள், போய்விடும். துண்டை நீட்டிச் சுருக்கும் ஸ்ட்ரெச் முறையை நான் கிராஷ் உள்ள இடங்களில் தொடவேயில்லை. தட்டின் சத்தம் தண்ணீருக்குள் போனதுமாதிரி ஆகிவிடுகிறது.

ஃபில், அதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் உருட்டல், வரும் இடங்களை மென்பொருளிடம் விடவே கூடாது. டொம்மில் உருட்டி வரும்போது இரண்டு கை அடிகளுக்கு இடையே 80 மில்லிசெக்கனும் இல்லை, கிரிட் எந்த அடியை எந்தக் கோட்டுக்கு இழுக்கும் என்று சொல்ல ஏலாது, சிலது பின்னால் இருக்கிற கோட்டுக்குப் பாயும். ஃபில் முழுவதையும் ஒரே துண்டாக விட்டு, அது போய் முடியும் கிராஷ் அடி மட்டும் இடத்தில் விழுகிறதா என்று பார்த்தேன். அநேகமாக எல்லாம் விழுந்தன. ஃபிலில் ஒரு ட்ரம்ஸ்காரர் கொஞ்சம் ஓடினால் ஓடட்டும், கேட்பவரின் காது அடுத்த முதல் அடிக்காகத்தான் காத்திருக்கிறது.

இனி யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு கரைச்சல். பதிவு நடந்தது ஆடி மாதம். இங்கே ஆடியில் எந்தப் பக்கம் மைக்கைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு கோயில் குழாய் ஒலிபெருக்கி கேட்கும், ஊரெல்லாம் பொங்கலும் திருவிழாவுமாக இருக்கும், அதைத் தொட்டு நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள். மின்விசிறியை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தி, தம்பி வியர்த்துக் கொட்ட வாசித்தும் தூரத்து நாதஸ்வரம் ஓவர்ஹெட்டுக்குள் நுழைந்துவிட்டது. ட்ரம்ஸ் பலமாக அடிக்கும் இடங்களில் அது கேட்காது. பாட்டின் தொடக்கத்தில், ஹைஹெட்டும் ஸ்னேர் விளிம்பும் மட்டும் மெல்லப் போகும் நாலு பாரில் கேட்கிறது. வெட்டாமல் விட்டால் பின்னணியில் ஏதோ மங்கலாகப் போகிறது என்று காது விட்டுவிடும். வெட்டி நகர்த்தினால் அந்த நாதஸ்வரத்தின் நீளச் சுரம் ஒவ்வொரு வெட்டிலும் தடக்குகிறது, அது உடனே காதில் படும். கீழ்ப்பகுதியை வெட்டிப் பார்த்தேன், சத்தக் குறைப்பானும் போட்டுப் பார்த்தேன், ஹைஹெட்டும் சேர்ந்து செத்துப்போகிறது. கடைசியில் ஒரு காலை ஆறு மணிக்கு முந்தி தம்பியை வரச்சொல்லி, அதே மைக், அதே இடத்தில் வைத்து அந்த நாலு பாரை மட்டும் திரும்ப வாசித்துச் செருகினோம். இரண்டு காகம் மட்டும் இருக்கிறது, அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

ட்ரம்ஸ் நிமிர்ந்தாயிற்று, பேஸ் இன்னும் ஒட்டவில்லை. காரணம் தெளிவு: பேஸ் புரோகிராமில் மூன்றாவது சுரம் 333இல், தம்பியின் ஹைஹெட் 352இல். 19 மில்லிசெக்கன் இடைவெளி, ஒருவர் ஓட மற்றவர் நடக்கிற மாதிரி. இங்கேதான் பலர் திரும்பப்போய் ட்ரம்ஸை இன்னும் இறுக்குகிறார்கள். நான் பேஸை நகர்த்தினேன். பேஸ் மிடியில் இருக்கிறது, அதாவது பதிவான சத்தமாக அல்ல, சுரக் குறிப்பாக. மிடியை நகர்த்த வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை, சத்தம் கெடாது, பிறகேன் உயிருள்ள கையைப் போட்டு உருட்டவேண்டும்? ரோஜர் லின் 1980இல் எல்எம்-1 ட்ரம் மெஷினைக் கொண்டுவந்தபோதே அதில் அடிகளை நேராக்கும் வசதியோடு ஸ்விங் அளவையும், அதாவது இடையடி எவ்வளவு பிந்தி விழவேண்டும் என்பதையும், வைத்திருந்தார்: 50 என்றால் நேர், 66 என்றால் மூன்றாகப் பிரிந்த நடை. நம் 352ஐ 500ஆல் பிரித்தால் 70 வீதம். பல்லவியில் பேஸுக்கும் கீபோர்ட்டுக்கும் 70 போட்டேன், சரணத்தில் 345க்கு 69. இரண்டாவது சுரம் இருந்த இடத்திலேயே. போட்டுவிட்டு பிளேயை அழுத்தியதும் பேஸும் கிக்கும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. பாடகர் அண்ணை கதிரையில் இருந்தபடியே தோளை ஆட்டத் தொடங்கினார். தம்பி கேட்டுவிட்டு, "இப்ப இது என்ரை அடி" என்றார்.

இடையிசையில் தவில் வருகிறது. இணுவில் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வந்து வாசித்தார். தவிலுக்கு முன்னால் இந்தக் குவான்டைஸ் கருவிகள் ஒன்றும் செய்ய ஏலாது, செய்யவும் கூடாது என்பது என் எண்ணம். வலப்பக்கம் விரல்களில் கூடு போட்டு அடிக்கிறார், ஒவ்வொரு விரலும் ஒரு கூரான நுனி. இடப்பக்கம் கழியின் அடி கனமாக, அகலமாக விழுகிறது. அடியின் நுனிகளைத் தேடும் டிரான்சியன்ட் கண்டுபிடிப்பானை ஒருக்கால் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு தீர்மானத்துக்குள்ளேயே (வாசிப்பை முடிக்கும் கோர்வை) திரை முழுக்கக் கோடு. அவற்றை எந்தக் கிரிட்டுக்கு இழுப்பது? ஐயா தகிடவிலிருந்து தகதிமிக்குப் போய், ஐந்தாகப் பிரித்து, திரும்பி வந்து முதல் அடியில் இறக்குகிறார். ஹெட்ஃபோனைப் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த டிக் டிக்கை நிப்பாட்டுங்கோ தம்பி, ட்ரம்ஸ் காணும்." நிப்பாட்டினேன். நிமிர்த்தி முடிந்த ட்ரம்ஸை மட்டும் கேட்டுக்கொண்டு வாசித்தார், தீர்மானம் ஒவ்வொன்றும் கிக் விழும் இடத்தில் போய் இறங்கியது. ஒரு துண்டும் வெட்டவில்லை. தவில் மாதிரி எதையாவது மேலே பதிவு செய்வதாக இருந்தால் ட்ரம்ஸ் திருத்தத்தை முழுக்க முடித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். திருத்தாத ட்ரம்ஸுக்கு வாசித்த தவிலைப் பிறகு திருத்திய ட்ரம்ஸோடு சேர்க்கப் போனால் தவிலையும் வெட்டவேண்டி வரும்.

ஒட்டும் வேலை முடிந்ததும் எட்டு ட்ராக்கின் துண்டுகளையும் குளூ செய்து, ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் ஆக எடுத்தேன். வெட்டாத மூலப் பதிவு வேறொரு ஃபோல்டரில், வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கிறது. குளூ செய்தபிறகு க்ரொஸ்ஃபேட்டுக்குத் திரும்பிப்போக வழியில்லை.

கடைசி இரண்டு பார் மிச்சம். பாட்டு முடியும் இடத்தில் தம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கிராஷில் நிறுத்துகிறார், அது கிளிக்கோடு பதிவானதல்ல, அந்த இடத்தில் கிளிக்கை நிறுத்திவிட்டு அவர் போக்கில் விட்டிருந்தோம். அங்கே ட்ரம்ஸைக் கிரிட்டுக்கு இழுப்பதில் பொருளில்லை, கிரிட்டை ட்ரம்ஸுக்கு இழுக்கவேண்டும். ஒவ்வொரு கிக்கிலும் ஒரு டெம்போ புள்ளி வைத்து, பார்க்கோட்டை அந்தக் கிக்கின் மேலே கொண்டுபோய் வைத்தேன். 120இலிருந்து 114, 107, கடைசி அடிக்கு 96 என்று இறங்கியது. பேஸும் கீபோர்ட்டும் மிடி என்பதால் தாங்களாகவே கூட இறங்கி வந்தன. கடைசிக் கிராஷ் முழுக்கக் கரையும்வரை பேஸின் கடைசிச் சுரத்தை நீட்டிவிட்டு ரெண்டரைப் போட்டேன்.